மாண்ட்ரியல் மடல் – 17: அன்ரி வீட்டு மழைமானி

இன்று காலை ஏழு மணி. மைனஸ் 19. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஸ்கேல். பின்முற்றத்தில் ஒரு வெள்ளைப் பலகை முன்னால் குனிந்து நின்றுகொண்டிருக்கிறேன். குப்பை போட வந்த பக்கத்து வீட்டு கிரேக்கத் தாத்தா ஒரு நிமிஷம் நின்று பார்த்தார், தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். போன வருஷமாவது "என்ன தொலைச்சிட்டே?" என்று கேட்டார். இப்போ கேட்பதையும் நிறுத்தியாச்சு. முத்திப்போச்சுன்னு முடிவே பண்ணிட்டார் போல :-)

நான் படிக்க வந்தது மென்பொருள். இது வேற கிறுக்கு. எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன்.

2024 ஆகஸ்ட் முதல் வாரம் இங்கே வந்து இறங்கினேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி வீட்டு பேஸ்மென்ட். (அவங்க எழுதுறது 'அன்ரி', நான் படிச்சது 'ஆன்டி'. முதல் மாசமே திருந்திட்டேன்.) பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. டெபி என்ற சூறாவளியின் மிச்சம் மீதி இந்தப் பக்கம் வந்து கொட்டியது. பகல் முழுக்க மழை. நம்ம ஊர் ஐப்பசி மழை மாதிரிதான் இருக்கு, இதுக்கா இவ்வளவு எச்சரிக்கை என்று ஜன்னல் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாயந்தரம் குளியலறைத் தரை ஓட்டையில் இருந்து குபுகுபுவென்று தண்ணீர் மேலே வந்தது. மேலே இருந்து வந்தால் குடை பிடிக்கலாம், கீழே இருந்து வந்தால்? சாக்கடைக் குழாய்கள் தாங்காமல் பின்னோக்கி ஏறியிருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை நானும் அன்ரியும் அங்கிளும் வாளி வாளியாக மொண்டு ஊற்றினோம். என் சான்றிதழ் ஃபைல் தப்பித்தது, புத்தம்புது மெத்தை போச்சு.

மறுநாள் செய்தியில் விமான நிலையத்து அளவு 154 மில்லிமீட்டர் என்றார்கள். ஒரு முழு ஆகஸ்ட் மாதத்தில் இங்கே சராசரியாகப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில். அந்த நிலையத்தில் ஒரு நாள் மழைக்கு அதுதான் சாதனை. சரி. அடுத்த வாரம் காப்புறுதிக்காரர் வந்தார். (நம்மூர் இன்சூரன்ஸ், இவங்க தமிழில் காப்புறுதி. அழகான சொல் இல்லையா?) எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எவ்வளவு உயரம், இந்தத் தெருவில் எவ்வளவு பெய்தது என்றெல்லாம் கேட்டுப் படிவம் நிரப்பினார். கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் போனதும் அன்ரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, ஏர்போர்ட்டில பெஞ்சதை எல்லாரும் சொல்லுறாங்கள். எங்கட வளவுக்கை எவ்வளவு பெஞ்சது எண்டு ஆரும் சொல்லேல்லை."

யோசித்துப் பாருங்கள், நியாயமான கேள்விதான். மழை என்பது ஊருக்கு ஊர் இல்லை, தெருவுக்குத் தெரு மாறும். 2015 டிசம்பர் 2 காலை சென்னைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரத்துக்கு இருபது சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த மாதம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சிவகங்கை பக்கத்தில் எங்கள் ஊரில் உட்கார்ந்து டிவியில் பார்த்ததுதான். ஆனால் தாத்தா டிவி நம்பரை எல்லாம் மதிக்க மாட்டார். அவருக்கு வாசலில் கிடந்த ஆட்டுக்கல்தான் வானிலை மையம். தாத்தாவைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அன்ரி அன்றைக்குக் கேட்டதுதான் ஆரம்பம். தேடியபோது கோகோராஸ் என்று ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. 1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் ஊரை ஒரு மழை புரட்டிப் போட்டது. ஊரின் ஒரு கோடியில் பேய்மழை, மறுகோடியில் சும்மா தூறல். அதிகாரபூர்வ மானிகள் எதுவும் முழுக் கதையையும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அங்கிருந்த பல்கலைக்கழகத்து ஆட்கள், வீட்டு முற்றங்களில் மழைமானி வைக்கத் தயாராக இருந்த சாதாரண ஜனங்களைத் திரட்டித் தொடங்கியதுதான் இது. பிறகு கனடாவுக்கும் பரவியது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து சென்டிமீட்டர் வாய் உள்ள ஒரு பிளாஸ்டிக் உருளை, அதற்குள் ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு ஒல்லிக் குழாய். ஒல்லிக் குழாயின் வாய்ப்பரப்பு புனலின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் குழாயில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். கண்ணாடி போடுகிற நானே கால் மில்லிமீட்டர் வரை படிக்கலாம். இவ்வளவு எளிமையான தந்திரத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் எந்த அல்காரிதமும் கொடுத்ததில்லை.

மானியைச் சுற்றி மரம், சுவர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, குறைந்தது அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் வேண்டும் என்பது விதி. பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டு மாடி உயரத்துக்கு இரண்டு மடங்கு தள்ளிப் போனால் அடுத்த தெரு வந்துவிடும். இருக்கிறதுக்குள் வெட்டவெளியான மூலையில், அங்கிள் தக்காளிக்கு நட்டிருந்த கம்பத்தில் கட்டினேன். தக்காளிக்கு வேறு கம்பம் வந்தது. என் வாடகையில் சேர்க்கவில்லை என்று நம்புகிறேன்.

மழைக்காலம் வரை எல்லாம் சுலபம். நவம்பரில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்து, உள்ளே தண்ணீரோடு நின்ற ஒல்லிக் குழாய் உறைந்து நெடுக விரிசல் விட்டது. புத்தகத்தில் போட்டிருந்தான், குளிர் வந்ததும் உள்குழாயையும் புனலையும் கழற்றி வீட்டுக்குள் வை என்று. நாம என்னைக்குப் புத்தகத்தை முழுசா படிச்சோம்.

பனியை அளப்பது தனிக்கலை. வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு பலகையைத் தரையில் போட்டு வைக்கணும். அதன்மேல் விழுந்த பனியை ஸ்கேலால் நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்கணும், பிறகு துடைத்துவிட்டு மறுபடி போடணும். அது உயரம். ஆனால் உயரம் மட்டும் தெரிந்தால் போதாது, அதில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியணும். அதற்கு வெளி உருளையில் விழுந்த பனியை அப்படியே சமையலறைக்குக் கொண்டு வந்து, ஒல்லிக் குழாயில் வெந்நீரைச் சரியாக 20 மில்லிமீட்டர் கோடு வரை அளந்து, அதை உருளையில் ஊற்றிப் பனியைக் கரைத்து, மொத்தத்தையும் திரும்ப ஒல்லிக் குழாயில் ஊற்றிப் பார்க்கணும். மொத்தம் 26.4 வந்தால் பனிக்குள் இருந்த தண்ணீர் 6.4. பத்து சென்டிமீட்டர் பனி என்றால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. அதை நம்பி ஏமாறாதீர்கள். கடும் குளிரில் விழும் பனி இலவம்பஞ்சு, பதினொரு சென்டிமீட்டருக்கு 6.4 மில்லிமீட்டர்தான் எனக்குக் கிடைத்தது. பூஜ்யத்தை ஒட்டி விழும் ஈரப்பனி ஐந்து சென்டிமீட்டரிலேயே ஒன்பது கொடுத்திருக்கிறது. அன்ரிக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே தெரியும். "இண்டைக்குப் பாரமான ஸ்னோ, அங்கிளை அள்ள விடாதையும், நெஞ்சுக்குக் கூடாது" என்பார். நான் எண்ணில் சொல்வதை அவர் சவலில் சொல்கிறார், அவ்வளவுதான்.

2025 பிப்ரவரியில் நாலு நாள் இடைவெளிக்குள் அடுத்தடுத்து இரண்டு பனிப்புயல். நகரத்தில் 70 சென்டிமீட்டருக்கு மேல். இரண்டாவது புயலில் காற்று வேறு. காற்று அடித்தால் பனி மானிக்குள் விழாமல் பக்கவாட்டில் பறந்து போய்விடும். உருளையில் இருந்தது ரொம்பச் சொற்பம். அந்த மாதிரி நாளில் உருளையைக் கவிழ்த்து, சோமாசுக்கு மாவை டம்ளரால் வட்டமாக வெட்டுவோமே, அதே மாதிரி பலகைப் பனியை வெட்டி எடுத்துக் கரைக்கணும். வெளியே போனால் பலகையையே காணோம்! தோண்டினேன், தோண்டினேன். நடைபாதையைத் துப்புரவாக்கிய அங்கிள் அத்தனையும் அள்ளி அங்கேதான் கொட்டியிருக்கிறார். அன்ரி ஜன்னலைத் திறந்து, "உந்தப் பலகையில நான் ஒருக்காலும் கை வைக்கேல்லை தம்பி, உது அவற்ற வேலை" என்று உடனே சாட்சி சொன்னார். அன்றைய பனி உயரத்துக்கு நேரே என் நோட்டில் இருப்பது ஒரு சின்னக் கோடுதான்.

இந்த ஊரில் இந்தக் கிறுக்கு எனக்கு முன்னாலேயே ஒருத்தருக்குப் பிடித்திருக்கிறது. டாக்டர் சார்ல்ஸ் ஸ்மால்வுட். 1812ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து இங்கே வந்து, இப்போது லவால் நகரத்துக்குள் அடங்கிவிட்ட சான் மார்ட்டான் என்ற கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். பகலில் நோயாளிகள், மிச்ச நேரமெல்லாம் வானம். வீட்டுப் பக்கத்தில் மரத்தில் ஒரு சின்னக் கட்டடம் எழுப்பி, பல கருவிகளைத் தானே செய்துகொண்டு, பாரமானி, வெப்பமானி, மழை, பனி, காற்றில் உள்ள மின்சாரம் என்று அளந்து தள்ளியிருக்கிறார். மின்சாரத்தைப் பிடிக்க உயரமான கம்பத்தில் எரியும் விளக்கை ஏற்றி வைப்பாராம். ராத்திரி அந்த வழியாகப் போன கிராமத்து ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்! (எனக்கு ஒரே ஒரு கிரேக்கத் தாத்தாதான், அவருக்கு ஒரு கிராமமே.) அந்தப் பின்முற்றத்தின் புகழ் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் வரை போனது. கடைசியில் மெக்கில் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. 1863ல் பல்கலைக்கழக வளாகத்திலேயே வானிலையகம் தொடங்கியது. அவர் 1873ல் இறந்த பிறகும் நூறு வருஷத்துக்கு நெருக்கமாக அளந்துகொண்டே இருந்தார்கள். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் நேரம் சொன்னதும் அந்த வானிலையகம்தான். 1960களில் அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் லீகாக் கட்டடத்தைக் கட்டினார்கள். சிமென்ட் பெட்டி மாதிரி இருக்கும், வகுப்புக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

நம்ம ஊர்க் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சென்னை வானாய்வகம் 1786ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டில் சொந்தமாக வைத்திருந்தது. பிறகு கம்பெனி எடுத்துக்கொண்டது, 1792ல் நுங்கம்பாக்கத்துக்குப் போனது. அங்கே நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. கோல்டிங்ஹாம் காலத்தில் 1796ல் இருந்து வானிலைப் பதிவுகள் தொடங்குகின்றன. இன்றைக்கும் டிவியில் "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்" என்று சொல்வது அதே இடத்து வழித்தோன்றல்தான். 1881ல் அங்கே வானிலை அறிக்கையாளராகப் பொறுப்பேற்றவர் ஒரு பெண், ஐசிஸ் பாக்சன். இதைப் பற்றித் தனி மடலே போடலாம். போடுவேன்.

மெக்கில்லில் அந்தப் பழைய பேரேடுகளைப் படம் எடுத்து, ட்ரா என்ற திட்டத்தில் தன்னார்வலர்களை வைத்து எண்களைத் தட்டச்சு செய்கிறார்கள். நானும் சேர்ந்தேன். சாய்ந்த கையெழுத்து, பாரமானி அங்குலத்தில், வெப்பம் ஃபாரன்ஹீட்டில். ஒரு பக்கத்துக்கு எக்கச்சக்கமான எண்கள். எவரோ ஒருத்தர் ஒவ்வொரு நாளும் வெளியே போய், பார்த்து, உள்ளே வந்து, மையில் தோய்த்து எழுதியது. போன டிசம்பரில் ஒரு ராத்திரி இதைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் நான் ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன். பரீட்சை வாரம். மூன்று நாள் நூலகமே கதி, விடியற்காலை வந்து விழுந்தால் ஏழு மணிக்கு எவன் எழுந்திருப்பான்? நாலாம் நாள் உருளையைப் பார்த்தால் மூன்று நாள் பனியும் ஒன்றாகக் கிடக்கிறது. விமான நிலையக் கணக்கைத் திறந்தேன், அந்த விகிதத்தில் பிரித்தேன், திங்கள் இவ்வளவு, செவ்வாய் இவ்வளவு, புதன் பூஜ்யம் என்று அழகாக எழுதிவிட்டேன். கூட்டினால் சரியாக வரும். யாருக்கும் தெரியாது. மென்பொருள் படிக்கிறவனுக்கு விட்டுப்போன எண்ணை நிரப்புவது பெரிய வித்தையா?

இங்கேதான் தாத்தா வருகிறார். உரக்கடை கொடுக்கிற டைரியில் தினமும் மழை எழுதுவார். மானாவாரி நிலம், கண்மாயை நம்பிய பிழைப்பு. அவர் கணக்கு மில்லிமீட்டர் இல்லை. "கால் ஆட்டுக்கல்", "அரை ஆட்டுக்கல்", "ஒரு உழவு மழை". சித்திரை, வைகாசி முழுக்கப் பக்கம் பக்கமாக "மழை இல்லை", "மழை இல்லை", "மழை இல்லை". பெய்யாததை எதுக்குத் தாத்தா எழுதுறீங்க என்று நானும் அக்காவும் கேலி செய்திருக்கிறோம். "எழுதலைன்னா நாளைக்குப் பாக்குறவனுக்கு, பெய்யலையா, இல்ல கெழவன் பாக்கலையான்னு எப்படிடா தெரியும்?" என்பார். கோகோராஸில் சேர்ந்த அன்றைக்கு அவர்கள் முதலில் சொல்லிக் கொடுத்ததும் இதேதான், பூஜ்யத்தையும் மறக்காமல் அனுப்பு என்று. அத்தை வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போன நாட்களில் டைரியில் இரண்டே வார்த்தை: "ஊரில் இல்லை." திரும்பி வந்ததும் அப்பத்தாவிடம் கேட்டு எழுதியிருக்கலாமே? எழுத மாட்டார். அவள் பார்த்தது அவள் கணக்கு.

அவர் போனது 2019ல். அடுத்த வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது டைரிகள் அத்தனையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. முப்பது வருஷத்துக்கு மேல் எழுதியது. எடுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தன், கட்டுக் கட்டாகத் தூக்கி சைக்கிளில் வைத்துக் கொடுத்தேன். ஸ்மால்வுட் பேரேட்டுக்குப் பல்கலைக்கழகம் இருந்தது, எங்கள் தாத்தா டைரிக்குத் தராசு. ஒன்றே ஒன்று தப்பித்தது, அப்பத்தா பால் கணக்கு எழுத எடுத்து வைத்திருந்த 2005 டைரி. வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய வருஷம். அதில் ஒரு நாள்: "ஆட்டுக்கல் வழிந்தது. கண்மாய் மறுகால்."

வழிந்தது என்றால் எவ்வளவு? அக்காவிடம் சொல்லி, ஆட்டுக்கல்லின் வாயை அளந்து, படி படியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். ("ஏண்டா, கனடா போயும் உனக்கு இந்தப் பொழப்பா?") வாய் விட்டம் 20 சென்டிமீட்டர், பிடித்தது 2 லிட்டர். கணக்குப் போட்டால் 64 மில்லிமீட்டர். ஆனால் வாயைச் சுற்றியுள்ள கல் உள்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கிறது, அதில் விழுவதும் குழிக்குள் ஓடும். அப்படியானால் 64க்குக் கம்மியாகப் பெய்தாலே வழிந்துவிடும். குழி அடியில் குறுகுவதால் அவர் சொன்ன "அரை" பாதித் தண்ணீரும் இல்லை. அடுத்த மழைக்கு ஆட்டுக்கல் பக்கத்தில் நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் ராத்திரிக்கு வருவோம். பேரேட்டில் எவரோ குளிரில் நின்று எழுதிய எண்ணைத் தட்டிக்கொண்டே, அவர் தூங்கிவிட்டுக் கணக்குப் போட்டு நிரப்பியிருந்தால் நான் இதைத் தட்டுவதில் என்ன அர்த்தம் என்று தோன்றியது. கம்ப்யூட்டரிலேயே என் கணக்கைத் திறந்தேன். மூன்று நாள் எண்ணையும் அழித்தேன். பல நாள் சேர்ந்த மழையை மொத்தமாக அனுப்ப அங்கே தனிப் படிவமே இருக்கிறது, முதல் நாளே தெரியும், சோம்பல். மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டேன். நோட்டில் அந்த மூன்று வரியையும் அடித்துவிட்டு எதிரே எழுதினேன்: "ஊரில் இல்லை."

ஊரில்தான் இருந்தேன். ஆனாலும் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்றைய கணக்கு: புதுப் பனி 3 சென்டிமீட்டர், தண்ணீர் 1.8 மில்லிமீட்டர். சமையலறையில் கரைத்துக்கொண்டிருக்கும்போது அன்ரி தேத்தண்ணியோடு வந்தார். தினமும் கேட்கிற கேள்விதான்.

"எங்கட வளவுக்கை இண்டைக்கு எவ்வளவு தம்பி?"

சொன்னேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் முருகன் காலண்டரில் இன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். 2024 செப்டம்பரில் இருந்து எழுதுகிறாராம், எனக்கு இப்போதுதான் தெரியும். போன வருஷத்துக் காலண்டரை எங்கே வைத்திருக்கிறார் என்று உடனே கேட்டேன்.

கொசுறு: ஊரில் யார் வீட்டிலாவது பெரியவர்கள் மழை எழுதி வைத்த டைரி, காலண்டர் கிடந்தால், வெள்ளை அடிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துவிடுங்கள். ஆட்டுக்கல் இருந்தால் வாயை அளந்து சொல்லுங்கள், மில்லிமீட்டர் கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.